‘ஸ்கூலுக்குத்தானே மேடம், இது போதும்’: வேதியியல் பெட்டி வாங்கி மூன்று மாதம் ஆச்சு

அவசரத்தில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: தராசு அருமை, பிப்பெட்டுக்கான ரப்பர் பல்ப் நல்லது, வெப்பமானி பரவாயில்லை, கண்ணாடிச் சாமான் மோசம், பாதுகாப்புச் சாமான் அதைவிட மோசம், கூடவே வந்த தமிழ்க் கையேட்டைப் படித்தால் சிரிப்பு வரும். ஐந்துக்கு இரண்டரை கொடுக்கலாம். அந்த இரண்டரையில் இரண்டு தராசுக்கே போய்விடும்.

நான் திண்டுக்கல் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் பள்ளியில் ஒன்பது, பத்துக்கு அறிவியல் எடுக்கிறேன். எங்கள் லேப் என்பது பாதி லேப், பாதி விளையாட்டுச் சாமான் ரூம். அலமாரியில் லேபிள் மங்கிப்போன பாட்டில்கள், விளிம்பு உடைந்த பீக்கர்கள், பக்கத்திலேயே காற்றுப் போன வாலிபால். முன்னாள் மாணவர்கள் சேர்ந்து பத்தாயிரம் ரூபாய் கொடுத்தார்கள். தனித்தனியாக அலைய நேரமில்லாததால், 9 முதல் 11 வகுப்பு வரைக்குமான தொடக்கப் பெட்டி என்று ஒரு கடை விற்றதை 7,400 ரூபாய்க்கு வாங்கினேன். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரிப் பெட்டியைப் பல கடைகள் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டி விற்கின்றன, அதனால் யாரிடம் வாங்கினாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பது தெரிந்தால் போதும்.

பெட்டிக்குள் இருந்தவை: 500 கிராம் வரை எடைபோடும் சின்ன டிஜிட்டல் தராசு, 100 மில்லி அளவு ஜாடி கண்ணாடியில் ஒன்றும் பிளாஸ்டிக்கில் ஒன்றும், பீக்கர் நான்கு, டெஸ்ட் டியூப் இருபத்துநான்கு, பிப்பெட் (திரவத்தை உறிஞ்சி அளந்தெடுக்கும் குழாய்), அதில் உறிஞ்ச ரப்பர் பல்ப், ஸ்பிரிட் லேம்ப் இரண்டு, வெப்பமானி இரண்டு, லிட்மஸ் தாள், பன்னிரண்டு டப்பா உப்புகள், பாதுகாப்புக் கண் கண்ணாடி இரண்டு, கையுறை ஒரு கட்டு, கையேடு. முப்பத்தெட்டுப் பிள்ளைகளுக்குக் கண் கண்ணாடி இரண்டு. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன்.

தராசு. திரையில் 0.01 கிராம் வரை காட்டும். ஆனால் 0.01 காட்டுகிறது என்பதற்காக 0.01 வரை சரி என்று அர்த்தமில்லை, கடைக்காரர்கள் இதைச் சொல்லவே மாட்டார்கள். சோதிக்கும் எடைக்கல் பெட்டியில் இல்லை. அதனால் பிள்ளைகளிடம் ஐந்து ரூபாய்க் காசு கொண்டு வரச் சொன்னேன். 2011-இல் வந்த வரிசையில் அந்தக் காசின் எடை சரியாக 6 கிராம். முதல் காசு 6.02 காட்டியது. ‘காசு தேஞ்சுபோச்சா மிஸ்?’ என்றான் முதல் பெஞ்சுப் பையன். பின்னாலிருந்து ஒரு பெண், ‘தேஞ்சா குறையணும்டா, கூடியிருக்கு’ என்றாள். அன்றைக்கு வகுப்பு அங்கேதான் தொடங்கியது. அடுத்த காசு 5.97. அதற்கடுத்தது 9-க்கு மேல் போய்விட, எல்லோரும் தராசு கெட்டுவிட்டது என்று கத்தினார்கள். கெடவில்லை, அது பழைய தடிமனான வெள்ளைக் காசு, அதன் எடை 9 கிராம். 2019-க்குப் பிறகு வந்த புதுக் காசு 6.74. ஆக, காசுகளை முதலில் பிரித்து அடுக்க வேண்டியதாயிற்று, வகைப்படுத்துதல் என்று நான் தனியாகப் பாடம் நடத்தத் தேவையே இல்லாமல் போனது. ஒரே வகைக் காசு பத்து சேர்த்து வைத்ததில் 59.9. டீக்கடை வைத்திருக்கும் அப்பாவிடமிருந்து ஒருவன் நாற்பது காசு வாங்கி வந்தான், அதற்கு 240.1. இந்த விலையில் வரும் தராசுக்கு இது நல்ல கணக்கு.

ஒரு குறும்பு மட்டும் இருக்கிறது, வாங்குகிறவர்கள் தெரிந்துகொள்ளுங்கள். தட்டில் தாளை வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்கி, உப்பை ஒரு சிட்டிகை ஒரு சிட்டிகையாக மெதுவாகத் தூவினால் எண் நகரவே நகராது. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் சின்னச் சின்ன மாற்றத்தை எல்லாம் தராசு தானாகவே பூஜ்யமாக்கிக்கொள்ளும். தூசி, காற்று இவற்றால் எண் ஆடாமல் இருக்கத்தான் அந்த ஏற்பாடு. நாம் தூவும் உப்பையும் அது தூசி என்று நினைத்துக்கொள்கிறது. வழி சுலபம்: ஒரு காசைத் தட்டில் வைத்துவிட்டுப் பூஜ்யமாக்காமல், 6 கிராமிலிருந்து மேலே எண்ணுங்கள். மின்விசிறியை நிறுத்த மறக்காதீர்கள். எங்கள் லேபில் விசிறி சுற்றினால் கடைசி இலக்கம் கூத்தாடும்.

அடுத்தது அளவு ஜாடி, இங்கேதான் எனக்குக் கோபம். பிளாஸ்டிக் ஜாடியை முதலில் ஓரங்கட்டிவிடுகிறேன். அது பாலிபுரோப்பிலீன், தண்ணீர் அதன் சுவரில் ஒட்டாது, அதனால் பிறைதளம் (திரவத்தின் வளைந்த மேற்பரப்பு) கிட்டத்தட்டத் தட்டையாகவே நிற்கும். பாடத்தில் ‘பிறைதளத்தின் அடிப்பகுதியைக் கண்ணுக்கு நேராக வைத்துப் பார்’ என்று படித்துவிட்டு வந்த பிள்ளை, ‘எங்க மிஸ் வளைவு?’ என்று கேட்டால் நான் எதைக் காட்ட? உடையாது என்பதால் தண்ணீர் மொண்டு ஊற்ற வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

கண்ணாடி ஜாடியில் வளைவு அழகாகத் தெரிந்தது. கோடுகளும் பளிச்சென்று இருந்தன. தாளில் கறுப்பு மையால் ஒரு பட்டை போட்டு ஜாடிக்குப் பின்னால் வளைவுக்குச் சற்றுக் கீழே பிடித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், செய்து பாருங்கள். சரி, 100 கோடு வரை தண்ணீர் பிடித்து எடை போடுவோம் என்று உட்கார்ந்தோம். 30 டிகிரியில் தண்ணீரின் அடர்த்தி ஒன்றுக்குக் கொஞ்சம் கீழே, 0.9957. அதனால் 100 மில்லி தண்ணீர் நம் தராசில் 99.5 கிராம் பக்கம் காட்ட வேண்டும். காலி ஜாடியை ஈரமில்லாமல் துடைத்து எடை போட்டு, நிரப்பி எடை போட்டு, கழித்துப் பார்த்தால் 97.9. படிப்பதில் தப்பு என்று நினைத்து ஆறு குழுவாகப் பிரித்துத் திரும்பச் செய்யச் சொன்னேன். குறைந்தது 97.7, கூடியது 98.1. ஆறு குழுவும் ஒன்றுக்கொன்று பக்கத்தில்தான் நிற்கிறார்கள், ஆனால் ஆறும் தப்பு.

துல்லியத்துக்கும் (உண்மை அளவுக்கு எவ்வளவு பக்கம்) நுட்பத்துக்கும் (அளவுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு பக்கம்) என்ன வித்தியாசம் என்று வருஷா வருஷம் அம்புப் பலகைப் படம் வரைந்து காட்டி மாய்ந்துபோவேன். இந்த வருஷம் படமே வரையவில்லை. ‘தராசுதான் பொய் சொல்லுதோ?’ என்ற சந்தேகம் வந்தபோது டீக்கடைக் காசுதான் சாட்சிக்கு வந்தது. ஜாடியும் தண்ணீரும் சேர்ந்து 230 கிராம் பக்கம், அந்த இடத்தில் தராசு சரியாகக் காட்டுகிறது என்று ஏற்கெனவே பார்த்துவிட்டோமே. ஆக ஜாடியில் கோடு போட்டதுதான் தப்பு. ஒன்றரை மில்லிக்கு மேல் குறைவு. அளவு ஜாடிகளில் ஏ, பி என்று தர வகுப்புகள் உண்டு; இந்த அளவு ஜாடிக்கு ஏ வகுப்பில் அரை மில்லியும், பி வகுப்பில் ஒரு மில்லியும்தான் கூடக் குறைய அனுமதி. ஒழுங்கான ஜாடியில் எந்த வகுப்பு, எந்த வெப்பநிலையில் கோடு போட்டது (20 டிகிரி அல்லது 27 டிகிரி), எவ்வளவு பிழை வரலாம் என்பதெல்லாம் அச்சடித்திருக்கும். இதில் 100 என்ற எண்ணும் கம்பெனிச் சின்னமும் தவிர ஒன்றுமில்லை. வாங்கும்போது இதை நான் பார்த்திருக்க வேண்டும், பார்க்கவில்லை.

கடைக்குப் போன் செய்தேன். எடுத்தவர் மரியாதையாகத்தான் பேசினார். நான் எண்களைச் சொல்லச் சொல்ல, ‘மேடம், ஸ்கூலுக்குத்தானே, பசங்களுக்கு இது போதுமே’ என்றார். பசங்கள்தான் கண்டுபிடித்தார்கள் என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பத்து நாளில் வேறு ஜாடி அனுப்பினார்கள், கூரியர் செலவு அவர்களுடையதே, அதைப் பாராட்ட வேண்டும். புது ஜாடியில் 98.9 வந்தது. பி வகுப்புக்குள் வந்துவிடுகிறது, ஆனால் வகுப்பு என்ன என்று அதிலும் எழுதவில்லை.

பீக்கர் கதை வேறு. பெட்டிமேல் ‘போரோசிலிகேட்’ (சூடு தாங்கும் கண்ணாடி) என்று பெரிதாகப் போட்டிருந்தது. பனிக்கட்டியை உருக்கி, வெப்பநிலையைக் குறித்துக்கொண்டே தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பயிற்சி எங்களுக்குண்டு, நிலை மாறும்போது வெப்பமானி ஏறாமல் நிற்கும் என்பதைக் காட்ட அதைவிட நல்ல வழி இல்லை. முக்காலிமேல் கம்பி வலை வைத்து, அதன்மேல்தான் பீக்கரை வைத்தோம். இறக்கி வைத்த இடத்தில் மேசை ஈரமாக இருந்திருக்கிறது, டிக் என்று ஒரு சத்தம், அடியில் வட்டமாக விரிசல். சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடியைவிட போரோசிலிகேட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான், அதனால்தான் அதை அடுப்பில் வைக்கிறோம். அதுவும் திடீரென்று குளிர்ந்தால் உடையலாம், அதனால் இதை மட்டும் வைத்துக் கடையைக் குற்றம் சொல்லிவிட முடியாது. பீக்கர் நிஜமாகவே போரோசிலிகேட்தானா என்று பார்க்க ஒரு சோதனை இருக்கிறது.

ஒரு பாக்கெட் சூரியகாந்தி எண்ணெய் வாங்கினேன். லேபில் போரோசில் கம்பெனியின் பழைய போரோசிலிகேட் கண்ணாடிக் குச்சி ஒன்று இருந்தது. ஒரு டம்ளர் எண்ணெயில் அந்தக் குச்சியைவிட்டால், எண்ணெய்க்குள் போன பாகம் கிட்டத்தட்டக் காணாமல் போகிறது, மேலே நிற்கும் பாதி மட்டும் அந்தரத்தில் தொங்குவது மாதிரி இருக்கும். ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) அந்தக் கண்ணாடிக்கும் எண்ணெய்க்கும் ஏறக்குறைய ஒன்றே, 1.47 பக்கம். சாதாரணக் கண்ணாடிக்கு 1.52 பக்கம், அதனால் அது மறையாது. அப்புறம் விரிசல்விட்ட பீக்கரின் ஒரு துண்டை இடுக்கியால் பிடித்து உள்ளே இறக்கினேன். விளிம்பு முழுக்கப் பளபளவென்று தெரிந்தது. பிள்ளைகள் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார்கள், யாரும் பேசவில்லை, அப்புறம் ஒருத்தி மட்டும், ‘ஏமாத்திட்டாங்க மிஸ்’ என்றாள். படமெடுத்துக் கடைக்கு அனுப்பினேன். எண்ணெய்ச் சோதனையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது, உடைந்த சாமானுக்கு மாற்று கிடையாது என்று பதில் வந்தது. டெஸ்ட் டியூப்களும் அதே எண்ணெயில் மறையவில்லை, ஆகவே அவற்றை நேரடிச் சூட்டில் காட்டுவதில்லை, லிட்மஸ் சோதனைக்கும் கரைசல் கலக்கவும் மட்டும் வைத்திருக்கிறோம்.

வெப்பமானி சிவப்புத் திரவம் உள்ளது, பாதரசம் இல்லை. இதற்கு முழு மதிப்பெண். எங்கள் பழைய பாதரச வெப்பமானி ஒன்று போன வருஷம் உடைந்து, மேசை இடுக்கில் ஓடிய மணிகளைத் தாள் மடிப்பால் ஒவ்வொன்றாகப் பொறுக்கியவள் நான். பாதரசத்தைக் குறைக்க நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா ஒப்பந்தம் 2017-இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது, பள்ளி அலமாரிகளுக்கு அந்தச் செய்தி மெதுவாகத்தான் வந்து சேர்கிறது. உருகும் பனியில் 1, கொதிக்கும் நீரில் 98 காட்டியது, அதைக் கரும்பலகையில் எழுதி வைத்துத் திருத்திக்கொள்கிறோம். பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன், ‘ஆல்கஹால் 78-லயே கொதிச்சிருமே, இது எப்படி மிஸ் 98 காட்டுது?’ என்று மடக்கினான். இந்த மாதிரி வெப்பமானிகளில் பெரும்பாலும் சாயம் போட்ட வேறு கரிமத் திரவம்தான் இருக்கும், மேலே அடைத்த வாயுவின் அழுத்தமும் கொதிக்கவிடாமல் தடுக்கும் என்றேன். கையேட்டில் ‘சாராய வெப்பமானி’ என்றே போட்டிருக்கிறது.

கையேடு. இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது. யாரோ ஆங்கிலக் கையேட்டை எந்திரத்தில் போட்டு எடுத்திருக்கிறார்கள், ஒரு மனிதர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. முதல் பாடம் ‘விஷயத்தின் மூன்று நிலைகள்’. பருப்பொருள்தான் விஷயமாகிவிட்டது. இரண்டாவது, ‘நீரின் ஒலியளவை ஜாடியால் அளவிடவும்’. கனஅளவு என்று புரிவதற்குள் ஒரு பையன் ஜாடியைக் காதில் வைத்துவிட்டான். ‘உப்புத் தீர்வு தயாரித்தல்’ (கரைசல்தான் தீர்வாகிவிட்டது), ‘அமிலங்களும் அடிப்படைகளும்’ என்று போகிறது. காரத்தை அடிப்படை என்று படித்த பிள்ளை பரீட்சையில் அப்படியே எழுதினால் யார் பொறுப்பு?

சிரிக்க முடியாத பிழைகளும் இருக்கின்றன. மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) சூடுபடுத்தி, நீலம் வெளுத்து நீர் வெளியேறுவதைப் பார்க்கும் சோதனைக்குக் கையேட்டுப் படத்தில் டெஸ்ட் டியூப் நிமிர்ந்து நிற்கிறது. அப்படிச் செய்தால் மேலே குளிர்ந்த நீர்த்துளி திரும்பவும் சூடான அடியில் வழிந்து குழாய் வெடிக்கும். வாயைக் கொஞ்சம் கீழே சாய்த்து, யார் முகத்துக்கும் நேராக இல்லாமல் பிடிக்க வேண்டும். அப்புறம் பாதுகாப்பு அட்டை. அமிலம் தோலில் பட்டால் ‘உடனே சமையல் சோடா தடவவும்’ என்கிறது. வேண்டாம். முதலில் தண்ணீர், ஓடும் தண்ணீர், நிறையத் தண்ணீர். கண்ணில் பட்டால் குறைந்தது பதினைந்து நிமிஷம் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். சோடாவைத் தேடி ஓடும் அரை நிமிஷத்தில் அமிலம் தன் வேலையை முடித்துவிடும். அந்த அட்டையைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டு, பிள்ளைகளே சார்ட்டில் எழுதியதை மாட்டியிருக்கிறோம். முதல் வரி: ‘தண்ணிக் குழாய் எங்க இருக்குன்னு பாத்துட்டு உள்ள வா.’

கண் கண்ணாடிக்கு வருகிறேன். வந்தவை சாதாரணக் கண்ணாடி மாதிரி பக்கவாட்டில் திறந்தவை. மரம் அறுக்கும்போது எதிரே பறந்து வரும் தூளுக்கு அது போதும். திரவம் அப்படி நேராக வருவதில்லை, நெற்றியில் பட்டு வழியும், பக்கத்தில் நிற்பவனின் டியூபிலிருந்து பக்கவாட்டில் தெறிக்கும். முகத்தோடு ஒட்டிச் சுற்றிலும் மூடிய, காற்றுத் துளைகள் நேராக இல்லாத வகைதான் வேண்டும். கையுறைகள் பெரியவர் கைக்கானவை, ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை போட்டால் விரல் நுனி தொங்கும், அந்த நிலையில் டியூபைப் பிடிப்பது வெறுங்கையைவிட ஆபத்து. ஸ்பிரிட் லேம்ப் ஒன்றின் மூடி பிளாஸ்டிக். ஊதி அணைக்காதே, மூடியால் மூடி அணை என்று நான் தொண்டை வற்றக் கத்துவேன், மூடியே உருகினால் என்ன செய்ய?

உப்பு டப்பாக்களில் ஒன்று காரீய நைட்ரேட். பொட்டாசியம் அயோடைடோடு கலந்தால் மஞ்சள் வீழ்படிவு (கரையாமல் அடியில் படியும் பொருள்) ஜோராக வரும், எனக்கும் பிடிக்கும். ஆனால் காரீயச் சேர்மத்தை ஒன்பதாம் வகுப்புப் பெட்டியில் எச்சரிக்கைக் குறிகூட இல்லாமல் வைப்பார்களா? சிவப்புச் சாய்சதுரக் குறி ஒரு டப்பாவிலும் இல்லை, தயாரித்த தேதியும் இல்லை. அதை எடுத்துத் தனியாகப் பூட்டி வைத்துவிட்டேன். இரும்புத்தூள் பாக்கெட்டிலேயே துருப்பிடித்துக் கட்டியாக வந்தது. கலவையைக் காந்தத்தால் பிரிக்க உதவாமல், வேதியியல் மாற்றத்துக்கு உதாரணமாக உதவியது.

நல்லதையும் சொல்லிவிட வேண்டும். பெட்டியில் அமிலம் வைக்கவில்லை, அது சரியான முடிவு. தனியாகக் கேட்டபோது தலைமையாசிரியர் கடிதமும் அடையாள அட்டை நகலும் வேண்டும் என்றார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குப் போட்ட கட்டுப்பாடு அது, எத்தனையோ ஹார்டுவேர் கடைகள் அதைச் சட்டை செய்வதே இல்லை. ரப்பர் பல்பும் அப்படித்தான். நான் பிளஸ் டூ படித்தபோது வாயால் உறிஞ்சித்தான் பிப்பெட் நிரப்பினோம், சோடியம் ஹைட்ராக்சைடின் சவர்க்கார ருசி இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் பிள்ளைகளுக்கு அந்த ருசி தெரியாது.

மிச்சம் இருந்த 2,600 ரூபாயில் பெயர் தெரிந்த கம்பெனியின் பி வகுப்பு அளவு ஜாடி ஒன்று, மூடிய கண் கண்ணாடி பத்து, இரண்டு நல்ல பீக்கர் வாங்கினேன். பத்துப் பேர் செய்ய, மற்றவர்கள் கோட்டுக்கு வெளியே நின்று குறிப்பெடுப்பார்கள், அப்புறம் முறை மாறும். சின்னக் கனஅளவுகளுக்கு மருந்துக் கடையில் ஊசி இல்லாத 10 மில்லி சிரிஞ்சு, லிட்மஸ் தீர்ந்தால் மஞ்சள் தூள் தடவிய தாளும் செம்பருத்திச் சாறும். பதங்கமாதலுக்கு (திடப்பொருள் உருகாமல் நேரே ஆவியாவது) கற்பூரம், அது தீப்பிடிக்கும் என்பதால் அதை மட்டும் நானே செய்து காட்டுகிறேன்.

மொத்தக் காசையும் திரும்பக் கையில் கொடுத்தால் இந்தப் பெட்டியை வாங்க மாட்டேன். தராசு, பல்ப், வெப்பமானி மூன்றும் தனித்தனியாக, மிச்சம் எல்லாவற்றுக்கும் கண் கண்ணாடி. தராசை மட்டும் தனியாகத் தருவார்களா, இன்னும் இரண்டு வேண்டும் என்று அதே கடைக்கு எழுதியிருக்கிறேன். முதலில் வந்த தப்பு ஜாடியைத் திருப்பி அனுப்பச் சொல்லி அவர்கள் கேட்கவில்லை, அது இன்னும் அலமாரியில்தான் இருக்கிறது. 100 கோட்டுக்குப் பக்கத்தில் யாரோ மார்க்கரால் 98.4 என்று எழுதி, கீழே ஆறு குழுவின் பெயரையும் போட்டு வைத்திருக்கிறார்கள்.